டீச்சருக்கு நான் வைத்த பரீட்சை

அந்தப் பாலர்பள்ளியின் இரும்புக் கேட்டில் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். சிரிக்கிற ஒரு பிள்ளையின் தலை. அந்தத் தலைக்குள் எட்டு நிறத்தில் எட்டு வட்டங்கள். சொல், கணக்கு, படம், உடல், இசை, பிறரோடு பழகுவது, தன்னை அறிவது, இயற்கை. அதற்குக் கீழே பெரிய எழுத்தில், ‘ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதத்தில் புத்திசாலி. அந்த விதத்தை நாங்கள் கண்டுபிடிக்கிறோம்’ என்று இருந்தது. பிள்ளைகளை ஏற்றிப்போகக் காத்திருக்கும் வேன்காரனுக்கு வாசிக்க வேறு என்ன இருக்கிறது? இரண்டு வருடம் நான் அந்த பேனரைத்தான் வாசித்தேன். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு முழுதாகப் படித்த பாடம் என்றால் அது ஒன்றுதான்.

படித்ததைச் சரிபார்க்கவும் எனக்கு வசதி இருந்தது. என் வேனில் என் மகளையும் சேர்த்துப் பதினொரு பிள்ளைகள். காலை ஆறு மணிக்கு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் கிளம்பி, ஜெலுத்தோங் பக்கம் சுற்றிப் பாலர்பள்ளிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் எட்டு வட்டங்களும் என் முதுகுக்குப் பின்னால் கத்திக்கொண்டும் கிள்ளிக்கொண்டும் வந்தன. ஒரு பையன் வழி முழுக்க மோட்டார் சைக்கிள் எண்ணுவான். சிவப்பு தனியாக, கறுப்பு தனியாக. இரட்டைச் சடை போட்ட ஒருத்தி, ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்த்தவுடனே, “அங்கிள், இவன் வீட்ல அடி வாங்கிட்டு வந்திருக்கான்-லா” என்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். இன்னொருவன் கண்ணை மூடிக்கொண்டு, ஹாரன் சத்தத்தை வைத்தே பின்னால் வருவது பஸ்ஸா லாரியா என்பான். வாயே திறக்காத ஒரு குண்டுப் பையனின் கையில் தினமும் ஓர் இலை இருக்கும். நேற்று இருந்த இலை இன்று இருக்காது. ஒரே செடியின் இலையை அவன் இரண்டு தரம் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

என் மகள் முன் சீட்டில், என் பக்கத்தில் உட்காருவாள். ஆறு வயது. கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்துப் பிறந்தவள். அவளுக்கு வழி தெரியும். எங்கள் வழக்கமான வழி மட்டுமல்ல, ஒரு முறை கால் பட்ட எந்த வழியும். ஒரு நாள் குழாய் உடைந்து சாலையை அடைத்துவிட்டார்கள். சூலியா தெருப் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஒருவழிப் பாதைகளுக்குள் மாட்டிக்கொண்டு நான் விழித்தேன். அவள் விரலைக் காற்றில் வளைத்து, “அப்பா, அந்த மஞ்சக் கதவு கடைகிட்ட திரும்பு. அம்மாவும் நானும் ஜாக்கெட் துணி வாங்கப் போனமே, அந்த ரோடு வரும்” என்றாள். துணி வாங்கப் போனது ஒரு வருடத்துக்கு முன்னால். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள். திரும்பினேன். அந்த ரோடு வந்தது.

அவளால் சும்மா உட்கார முடியாது. வேன் இடது பக்கம் திரும்பினால் உடம்பு முழுக்க இடது பக்கம் திரும்பும். “இப்ப சிவப்பு கேட், இப்ப நாய் வீடு, இப்ப மேடு” என்று சொல்லிக்கொண்டே வருவாள். நான் பேசாதவன். வேனில் எனக்குப் பதிலாகவும் அவள்தான் பேசினாள்.

ஆண்டு நடுவில் ரிப்போர்ட் கார்டு கொடுக்கும் நாள் வந்தது. என் மனைவிக்கு பாயான் லெப்பாஸ் கிலாங்கில் தொழிற்சாலை வேலை, பகல் ஷிப்ட். அதனால் நான் போனேன். தாய்மார்கள் வரிசையாக நின்றார்கள். ஆம்பளை நான் ஒருவன்தான். பிரின்சிபலை நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட நாலைந்து வயது குறைந்தவர். நல்ல புடவை, தங்க பிரேம் கண்ணாடி, வேகமான பேச்சு. ஒவ்வொரு பிள்ளையையும் மேசைக்கு முன்னால் நிறுத்தி, எல்லோரும் பார்க்க அட்டைகளைக் காட்டி வாசிக்கச் சொன்னார். எங்களுக்கு முன்னால் நின்ற பிள்ளை கடகடவென்று வாசித்தது. தாய்மார்கள் கை தட்டினார்கள்.

என் மகளிடம் முதல் அட்டையைக் காட்டினார். ஆங்கில எழுத்து, சின்ன h.

“இது என்னம்மா?”

மகள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “நாக்காலி.”

“சரியா பாரு.”

அட்டையைக் கையில் வாங்கித் தலைகீழாகத் திருப்பினாள். “இப்ப விழுந்துட்ட நாக்காலி.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். டீச்சர் அடுத்த அட்டையைக் காட்டினார். சின்ன m. “ரெண்டு வாசல் வச்ச வீடு” என்றாள் மகள். இப்போது எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், தான் சரியாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்து.

டீச்சர் அட்டைகளை மேசைமேல் போட்டார். “பாத்தீங்களா அண்ணே? மத்த பிள்ளைங்க வாசிக்குது. இது இன்னும் நாக்காலி மேசைன்னு நிக்குது. நானும் ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன். ஓட்டைப் பானை-லா. எவ்வளவு ஊத்தினாலும் அடியில போயிடுது.” பிறகு மகள் பக்கம் திரும்பினார். “தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். கண்டதையும் சொல்லக்கூடாது. எங்க, சொல்லு.”

மகள் என்னைப் பார்த்தாள். “தெரியல டீச்சர்.”

“சத்தமா.”

“தெரியல டீச்சர்.”

நான் அப்போது என்ன செய்தேன் என்பதை எழுத இன்றும் கை கூசுகிறது. “தேங்க்யூ டீச்சர்” என்று சொல்லிக் கார்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேட்டில் அந்த பேனரின் முதுகுப் பக்கம் தெரிந்தது. வெயில் பட்டு எட்டு வட்டங்களும் பின்னாலிருந்து மங்கலாகத் தெரிந்தன.

மறுநாள் காலை மோட்டார் எண்ணுகிற பையன் வேனில் ஏறும்போதே, “ஓட்டைப் பானை, தள்ளி உக்காரு” என்றான். அவன் அம்மா வீட்டில் சொல்லிச் சிரித்திருப்பார். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. மகள் முன் சீட்டிலிருந்து இறங்கிக் கடைசி சீட்டுக்குப் போனாள். அன்று சிவப்பு கேட் வந்தது, நாய் வீடு வந்தது, மேடு வந்தது. ஒன்றையும் அவள் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த வாரமும் சொல்லவில்லை. “முன்னால வாம்மா” என்று கூப்பிட்டால், “எனக்கு தெரியாதுப்பா” என்றாள். நான் எதையும் கேட்கவேயில்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். என்னையும் ஒரு பள்ளிக்கூடத்தில், விளக்குமாறு வைக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் ஆறு வருடம் உட்காரவைத்திருந்தார்கள். வாசிப்பு எனக்கு மெதுவாக வரும். ஆனால் வெளியே நிற்கிற லாரியின் இஞ்சின் சத்தத்தைக் கேட்டு, எந்த இடத்தில் தட்டுகிறது என்று சொல்லிவிடுவேன். அதற்கு அங்கே யாரும் மார்க் போடவில்லை. நான் யாரிடமும் கோபப்படவும் இல்லை. எனக்கு நடந்தது சரி என்றே நாற்பது வருடம் நம்பியிருந்தேன். என் மகள் கடைசி சீட்டுக்குப் போன அன்றுதான் முதல் முதலாக எனக்குக் கோபம் வந்தது. இரண்டு பேருக்குமான கோபம் மொத்தமாக வந்தது. அடுத்த வருடம் அவள் தொடக்கப் பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் போகவேண்டும். தான் ஓட்டைப் பானை என்ற எண்ணத்தோடு அவள் அந்த வாசலைத் தாண்டக்கூடாது. எனக்கு வேண்டியது அது. அதோடு கூட, அந்த அம்மாள் அனுபவிக்கவும் வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனோம். மனைவியும் மகளும் படி ஏறினார்கள். நான் அடிவாரத்திலேயே நின்றுவிட்டேன். மேலே போய் அருகில் நின்று கேட்கக்கூடிய விஷயமாக அது எனக்குப் படவில்லை. கையைக் கூப்பி, “முருகா, என் பிள்ளையைச் சொல்லவைத்தது போல, அந்த அம்மாவும் பிள்ளைகளுக்கு முன்னால் ‘தெரியல’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். தைப்பூசத் தேர் வரும்போது நூற்றொரு தேங்காய் உடைக்கிறேன்” என்று வேண்டிக்கொண்டேன். பரீட்சைக்கு வேண்டுவார்கள், குழந்தைக்கு வேண்டுவார்கள், வீடு வாங்க வேண்டுவார்கள். ஒருத்தி அவமானப்பட வேண்டும் என்று வேண்டலாமா என்று பூசாரியைக் கேட்டிருக்கலாம். கூடாது என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கேட்கவில்லை.

இறங்கி வந்த மனைவி, “என்னங்க, கண்ணெல்லாம் செவந்திருக்கு? என்ன வேண்டிக்கிட்டீங்க?” என்று கேட்டாள்.

“நூத்தியொரு தேங்கா.”

“பிள்ளை படிப்புக்கா?”

“ஆமா” என்றேன்.

ஆண்டு கடைசியில் கான்செர்ட் வந்தது. ஆறு வயதுப் பிள்ளைகளுக்குக் கறுப்பு அங்கியும் குஞ்சம் வைத்த தொப்பியும் மாட்டிப் பட்டம் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் ஆட்டம், பாட்டு, நாடகம். நன்றாக வாசிக்கிற பிள்ளைகள் நட்சத்திரக் குழு. அவர்களுக்குப் பேச்சும் வசனமும். மற்றவர்களுக்கு மரம். காட்டு நாடகத்தில் பின்னால் நிற்கவேண்டும், ஆடக்கூடாது. மகளுக்குப் பச்சைத் துணியில் மனைவி இலைகள் தைத்தாள். வேன் திரும்பினால் உடம்பே திரும்புகிற பிள்ளைக்கு அசையாமல் நிற்கிற வேடம். எட்டு வட்டம் போட்ட பேனர் வைத்திருக்கிற ஒருவருக்கு இது கூடவா தெரியாது என்று நினைத்தேன்.

அவள் வீட்டில் சுவரோடு ஒட்டி நின்று பழகினாள். மேடையில் ஓர் இலைகூட ஆடவில்லை. அவளுக்குப் பக்கத்து மரம் மூக்கைச் சொறிந்தது. இன்னொரு மரம் கூட்டத்தில் தன் அம்மாவைத் தேடிக் கையசைத்தது. என் மகள் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நின்றாள். நாடகம் முடிந்து எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. முருகன் வேலையை ஆரம்பிக்கக் காணோமே, நாமே ஆரம்பித்துக் கொடுக்கலாம் என்று அந்த மண்டபத்தில் வைத்துத்தான் முடிவு செய்தேன்.

வேன்காரனுக்கு ஒரு பலம் உண்டு. வெளியில் யாருக்கும் அது தெரியாது. எந்தப் பாலர்பள்ளி நல்லது என்று தாய்மார்கள் பேனரைப் பார்த்து முடிவு செய்வதில்லை. வேன்காரனைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். தினமும் கேட்டுக்கு முன்னால் நிற்கிறவன் அவன்தானே. கான்செர்ட் முடிந்து இன்னும் மூன்று வாரம் பள்ளி இருந்தது. என் வேனில் நாலு பேர் ஆறு வயது. மிச்சம் ஏழு பேர் ஐந்து வயது, அடுத்த வருடமும் அங்கேயே படிக்கவேண்டியவர்கள். வழக்கம்போல ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்தக் கேள்வி வந்தது.

“அடுத்த வருஷமும் அங்கதானே அண்ணே?”

நான் உடனே பதில் சொல்லாமல் ஸ்டியரிங்கைத் துடைத்தேன். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். பிறகு, “பாக்கலாம்-லா” என்றேன்.

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. “ஏன் அண்ணே? என்ன விஷயம் அண்ணே?” என்று கேட்டார்கள். “ஒண்ணுமில்ல” என்றேன். ஒன்றுமில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரு வாரத்தில் அந்தப் பாலர்பள்ளியின் கூரை ஒழுகுவதாகப் பேச்சு வந்தது. அடுத்த வாரம், டீச்சர்மார்கள் இரண்டு பேர் நின்றுவிடப் போகிறார்களாம். பிறகு, சமையலறையில் எலியாம். எலியைப் பற்றி ஓர் அம்மா என்னிடமே வந்து கேட்டார். நான் அங்கே எலியைப் பார்த்ததில்லை. அதைச் சொல்லியிருக்கவேண்டும். வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது தப்புதான். தெரிந்தே செய்த தப்பு. அன்று சாயங்காலம் டீ எவ்வளவு ருசியாக இருந்தது என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கடைசி வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் டீச்சர் கேட்டைத் திறந்துகொண்டு என் வேனுக்கு வந்தார். அதுவரை ஒரு நாளும் வேன் வரைக்கும் வந்ததில்லை.

“அண்ணே, ஒரு நிமிஷம். உங்க வேன்ல வர்ற அஞ்சு வயசுப் பிள்ளைங்க ஏழு பேரு. ஒருத்தர்கூட அடுத்த வருஷத்துக்கு பேரு குடுக்கல. கேட்டா, வேன் வராதாம்ங்கிறாங்க. நான் என்ன அண்ணே செஞ்சேன்?”

அந்தக் கேள்விக்கான பதிலை ஐந்து மாதமாகக் குளியலறையிலும் பெட்ரோல் நிலையத்திலும் ஒத்திகை பார்த்திருந்தேன். நீளமான பதில். நேரில் கேட்டபோது அந்த நீளத்தில் கடைசித் துண்டு மட்டும்தான் வெளியே வந்தது.

“நாளைக்கு காலையில வேன்ல வாங்க டீச்சர். பிள்ளைங்கள எடுக்குற வழி முழுக்க. அப்புறம் பேசலாம்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏழு பேர் போவது சின்ன விஷயமில்லை. “சரி அண்ணே. வரேன்” என்றார்.

மறுநாள் நல்ல மழை. ஆறு மணிக்கு எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே காரை நிறுத்திவிட்டு, குடையோடு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். மகளை அன்று கடைசி சீட்டுக்கு விடாமல் அவருக்குப் பின்னால் உட்காரவைத்தேன். இஞ்சினைப் போட்டேன். இந்த ஒரு வசனம் மட்டும் ஒத்திகையில் வந்தது போலவே வந்தது.

“டீச்சர், இன்னிக்கு வழி நீங்கதான் சொல்லணும். எல்லா பிள்ளைங்க அட்ரஸும் உங்க ஃபைல்ல இருக்கு. தினமும் பாக்குற பிள்ளைங்கதானே.”

அவர் சிரித்துக்கொண்டே கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

“போன் வேணாம் டீச்சர். பரீட்சையில புத்தகம் பாக்கக்கூடாது இல்ல?”

சிரிப்பு நின்றது. போன் பைக்குள் போனது. முதல் வீடு பக்கத்துத் தெருதான், இரட்டைச் சடைக்காரி வீடு. சாலை பிரிகிற இடத்தில் வேனை நிறுத்தினேன். “எடமா, வலமா டீச்சர்?”

“எடம்… இல்ல, வலமா?”

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும் டீச்சர்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த வார்த்தையை எங்கே கேட்டோம் என்று தேடுவது போல இருந்தது அவர் பார்வை. “தெரியல அண்ணே” என்றார். மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது, போதவில்லை.

“சத்தமா டீச்சர். மழை.”

“தெரியல அண்ணே.”

நானே திரும்பிப் போய் முதல் பிள்ளையை ஏற்றினேன். இரண்டாவது வீட்டுக்குக் கேட்டேன். தெரியல. மூன்றாவது வீட்டுக்குக் கேட்டேன். தெரியல. வேண்டிக்கொண்டது ஒரு முறைக்குத்தான். நான் நிறுத்தவில்லை. ஒவ்வொரு சந்திலும் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். ஏறிய பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. எல்லோருக்கும் அட்டை காட்டுகிற டீச்சருக்கு இன்றைக்குப் பரீட்சை!

“அய்யோ டீச்சர், என் வீடுகூட தெரியாதா?”

“டீச்சர், அது வலது-லா!”

மோட்டார் எண்ணுகிற பையன் மோட்டாரை விட்டுவிட்டான். “டீச்சர் அஞ்சு தடவ தெரியலன்னாங்க” என்று அறிவித்தான். அடுத்த சந்தில், “ஆறு” என்றான்.

இரட்டைச் சடைக்காரி சீட்டுக்கு மேலே எக்கி டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். “டேய், சிரிக்காதீங்கடா. டீச்சர் அழப்போறாங்க” என்றாள்.

அவள் சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஓரக்கண்ணால் பார்த்தேன். டீச்சர் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கைப்பையை இரண்டு கையாலும் மடியில் அழுத்திப் பிடித்திருந்தார். எனக்கு இரக்கம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. என் மகள் அன்று மேசைக்கு முன்னால் தன் பாவாடையை அப்படித்தான் பிடித்திருந்தாள். வேனை அடுத்த பிரிவில் நிறுத்தினேன். ஏழாவது முறை கேட்க வாயைத் திறந்தேன்.

அப்போது என் மகள் பின்னாலிருந்து கையை நீட்டி டீச்சரின் வலது தோளைத் தொட்டாள்.

“தொடுற பக்கம் திரும்பணும் டீச்சர்” என்றாள் மெதுவாக.

டீச்சர் அந்தக் கையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “வலது அண்ணே” என்றார். திரும்பினேன். அந்த வீடு வந்தது. குண்டுப் பையன் நனைந்த இலையோடு ஏறினான். அடுத்த பிரிவில் இடது தோள். “எடது அண்ணே.” சரி. எனக்குக் கோபம்கூட வந்தது. நான் வைக்கிற பரீட்சையில் என் மகளே காப்பி அடிக்கவிடுகிறாளே என்று. ஆனால் அவள் இப்போது சீட்டை விட்டு எழுந்து, டீச்சரின் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆவி படிந்த பக்கத்துக் கண்ணாடியில் விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். “இது நம்ம வந்த ரோடு டீச்சர். இப்ப சிவப்பு கேட் வரும். அதுக்கப்புறம் நாய் வீடு. கண்ணை மூடிக்கிட்டு வேன் ஏறுறத பாருங்க, அது மேடு. மேடு முடிஞ்சா எடது. இப்ப கண்ண தெறக்காதீங்க. எடது வந்திருச்சா?”

டீச்சர் கண்ணை மூடியிருந்தார். “வந்திருச்சு” என்றார்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு என் வேனில் சிவப்பு கேட் வந்தது, நாய் வீடு வந்தது, மேடு வந்தது. வைப்பர் சரியாகத் துடைக்கவில்லை போல, எனக்குச் சாலை கொஞ்ச நேரம் தெரியவில்லை.

பாலர்பள்ளி வாசலில் சில தாய்மார்கள் குடையோடு நின்றிருந்தார்கள். கதவைத் திறந்தவுடன் பிள்ளைகள் அவர்களிடம் கத்தினார்கள். “ஆன்ட்டி, டீச்சருக்கு வழியே தெரியல! ஆறு தடவ தெரியலன்னாங்க!” முருகன் நான் கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டான். அன்று ரிப்போர்ட் கார்டு வரிசையில் சிரித்த ஓர் அம்மாவும் அங்கே இருந்தார். அவருக்கு இப்போது எதற்குச் சிரிப்பது என்று தெரியவில்லை.

பிள்ளைகள் உள்ளே போன பிறகு டீச்சர் வேனுக்குப் பக்கத்திலேயே நின்றார். “உங்க பிள்ளை நல்லா சொல்லிக் குடுக்குது அண்ணே” என்றார்.

இப்போது நான் சொன்னேன். “ஓட்டைப் பானைன்னு சொன்னீங்க டீச்சர்.”

“யாரு? நானா?”

“ரிப்போர்ட் கார்டு அன்னிக்கு. எல்லாரும் இருந்தாங்க. அவ நாக்காலின்னு சொன்னா.”

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நடிக்கவில்லை. உண்மையாகவே தேடினார். “ஞாபகம் இல்லையே அண்ணே. அன்னிக்கு அம்பது அறுபது பிள்ளைங்க. சும்மா வாய் தவறி ஏதாவது சொல்லியிருப்பேன். மனசுல வச்சுக்காதீங்க.”

அதுதான் எனக்கு விழுந்த அடி. ஐந்து மாதம் நான் சுமந்த வார்த்தை அவர் மனதில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. எவ்வளவு ஊற்றினாலும் அடியில் போய்விடுகிற பானை யார் என்று கேட்டிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் தோன்றியது. எனக்கு எல்லாமே அப்படித்தான். அந்த நேரத்தில் செய்ய முடிந்தது, கையைத் தூக்கிக் கேட்டைக் காட்டியதுதான். மழையில் பேனர் வயிறு உப்பித் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையின் தலை, எட்டு வட்டங்கள்.

“ரெண்டு வருஷமா அத வாசிக்கிறேன் டீச்சர். நீங்க வாசிச்சிருக்கீங்களா?”

அவர் அதைப் பார்த்தார். சொந்த வாசலில் கட்டிய பேனரை மனிதர்கள் எவ்வளவு அபூர்வமாகப் பார்க்கிறார்கள் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. பிறகு, “அடுத்த வருஷம் வேன் வருமா அண்ணே?” என்று கேட்டார்.

நான் ஸ்டியரிங்கைத் துடைத்தேன். “பாக்கலாம்-லா” என்றேன்.

வேன் போகவில்லை. ஏழு பிள்ளைகளையும் வேறொரு சின்னப் பாலர்பள்ளிக்கு மாற்றிவிட்டேன். அங்கே பேனர் கிடையாது. முற்றத்தில் மண் இருக்கிறது, குண்டுப் பையனுக்குச் செடிகள் இருக்கின்றன. புது வருடத்தில் இரண்டு மூன்று முறை பெட்ரோலை வீணாக்கிப் பழைய வாசல் வழியாக ஓட்டிப் பார்த்தேன். பேனர் இல்லை. கேட்டில் கம்பி கட்டிய இடம் மட்டும் துருப்பிடித்து இருந்தது. வெட்கப்பட்டுக் கழற்றினாரா, மழையில் கிழிந்துபோய்க் கழற்றினாரா என்று எனக்குத் தெரியாது. வெட்கப்பட்டுத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு தேர் வந்தது. தைப்பூசத்துக்கு முதல் நாள், தேர் நகரத்திலிருந்து தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில், மற்றவர்களின் தேங்காய்க் குவியல்களுக்கு நடுவே எங்கள் மூட்டைகளையும் இறக்கினோம். மகளை அடுக்கச் சொன்னேன். அவள் தார்ச் சாலையின் ஓரத்தில் பத்துப் பத்தாக வரிசை வைத்தாள். வைத்து முடித்துக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“அப்பா, அந்த மூலையில ஒண்ணு வரணும். மேல வைக்கவும் ஒண்ணு வேணும். ரெண்டு குறையுது.”

எண்ணவே இல்லை அவள். மனைவி விரல்விட்டு எண்ணினாள். தொண்ணூற்று ஒன்பது. “கடைக்காரன் ஏமாத்திட்டான் பாருங்க” என்று பக்கத்துக் குவியல்காரரிடம் கேட்டு இரண்டு வாங்கிவந்தாள்.

மேளச் சத்தம் நெருங்கியதும் உடைக்க ஆரம்பித்தேன். ஒவ்வொன்றையும் தங்க பிரேம் கண்ணாடி போட்ட முகத்தை நினைத்துக்கொண்டுதான் போட்டேன். நாற்பதுக்கு மேல் தோள் வலித்தது. சாலை முழுக்கத் தேங்காய்த் தண்ணீர் ஓடி என் செருப்பு ஊறிவிட்டது. மகள் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, “இன்னும் மூணு வரிசைப்பா, இன்னும் ரெண்டு வரிசைப்பா” என்றாள். நூறாவதை உடைத்தபோது என் கோபம் தீர்ந்திருக்கவேண்டும். கோபம் அப்படியே இருந்தது.

“கடைசி நான் போடறேன்” என்றாள் மகள்.

கொடுத்தேன். அவள் உடனே போடவில்லை. காலால் தரையைத் தடவிப் பார்த்து, சாலையோரக் கல்லின் முனை எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, உடம்பை முழுக்கத் திருப்பி வீசினாள். ஒரே அடியில் சரிபாதியாகப் பிளந்தது. பக்கத்துக் குவியல்காரர்கூட, “ஆ, பார்றா!” என்றார்.

மனைவி சிரித்துக்கொண்டே, “யாருக்குடி வேண்டிக்கிட்டு போட்ட?” என்று கேட்டாள்.

“டீச்சருக்கு.”

“எந்த டீச்சருக்கு?”

“பழைய டீச்சருக்கு. அவங்களுக்கு வழி தெரியணும்னு.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீயும் அதுக்குத்தானேப்பா இத்தன தேங்கா போட்ட?”

தேர் மிக அருகில் வந்துவிட்டது. கையைக் கூப்பிக்கொண்டேன். இல்லை என்று அவளிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.